கேளாமல் முறித்த கொப்பு

மாமா சொல்வதில் பாதியை அங்கேயே நம்பலாம். மற்றப் பாதியை அம்மாவிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் லொறிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு குசினிக்குள் வந்து, ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் வெள்ளைக்காரரின் வீடுகளுக்குப் போகிறோம், அவர்கள் கேற்றைத் திறந்துவைத்து எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அறிவித்தபோது, அம்மா கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“என்னத்துக்காம் கூப்பிடுறாங்க?”

பூக்கன்று பார்க்க என்றார் மாமா.

விசாரித்ததில் அது முழுப் பொய்யல்ல என்று தெரிந்தது. நகரத்துக்கு வடக்கே ஒரு பழைய கிராமம் இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட மரவீடுகள், ஒரு சின்னக் குளம், ஒரு பெரிய தெரு. அங்கே இருப்பவர்கள் வருடத்தில் ஒரு ஞாயிறு மட்டும் தங்கள் வீட்டுப் பின்வளவுகளைத் திறந்துவிடுவார்கள். ரிக்கற் வாங்கிய எவரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். மாமாவின் கம்பனியில் லொறிகளை அனுப்புகிற பொறுப்பாளர் நாலு ரிக்கற் வாங்கி வைத்திருந்தார். அந்த ஞாயிறு பார்த்து அவருடைய மாமியார் வந்து இறங்கிவிட்டபடியால் அவை மாமாவின் கைக்கு வந்துவிட்டன.

மாமா அம்மாவின் தம்பி. பிறம்ரனிலிருந்து சாமான் ஏற்றி நாட்கணக்காக லொறி ஓட்டுகிறவர். வெக்ஸ்போர்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பேஸ்மென்றில் அவரும் மாமியும் இருந்தார்கள். மேலே அப்பா, அம்மா, நான். அப்பாவுக்கு ஞாயிறும் வேலை என்பதால் நாலு ரிக்கற்றுக்குச் சரியாக நாலு பேர்.

அந்தப் பயணம் உண்மையில் மாமிக்காகத்தான். மாமி மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து கலியாணம் முடித்து தை மாதத்துப் பனிக்குள் கனடாவில் வந்து இறங்கியவர். விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் கார்க் கண்ணாடியால் பார்த்துக்கொண்டே வந்துவிட்டு, “இஞ்ச மரமெல்லாம் செத்துப்போச்சா?” என்று கேட்டாராம். மாமா அதைப் பெரிய பகிடியாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். மாமிக்கு அது பகிடி அல்ல. வாவிக்கரையில், ஊன்றுகோலை நட்டாலும் துளிர்க்கும் என்கிற வளவில் வளர்ந்தவர் அவர். சித்திரையில் இரண்டு நாள் நல்ல வெயில் எறித்ததும், நாங்கள் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்த நேரம், மிளகாய்க் கன்றும் கத்தரிக் கன்றும் வாங்கி வந்து பின்வளவில் நட்டுவிட்டார். மே மாதக் கடைசி லீவு கழியும்வரை இந்த நாட்டில் ஒருவரும் வெளியே கன்று நடுவதில்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவ்வளவு சின்ன விசயம் எவருக்காவது தெரியாமல் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஒரே ஒரு குளிரோடு எல்லாம் அவித்த கீரை மாதிரி மண்ணில் படுத்துவிட்டன. இரண்டாம் தரம் போட்ட அவரையை அணில் தோண்டித் தின்றது.

அதற்குப் பிறகு ஒருநாள், நான் மாடிப்படியில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருக்க, மாமி அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

“மச்சாள், ஒரு வருசம் பாப்பன். என்ட கையால நட்டது ஒண்டாவது இந்த மண்ணில பிடிச்சுப் பூத்தா இருப்பன். இல்லாட்டி நான் போறன் கா.”

அம்மா, பேச்சைப் பார் என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரித்தார். பெரியவர்களுக்கு ஒருவர் சொன்னது வாய்ப்பேச்சா நிச்சயமா என்று பிரித்தறியத் தெரிகிறது. எனக்கு அது அன்றும் தெரியாது. நான் அப்படியே நம்பிவிட்டேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பயந்த பிள்ளை. இப்போதும் அப்படித்தான், அடுப்பை நிற்பாட்டினேனா என்று பஸ் ஸ்ரொப்பிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள். அந்த வீட்டில் என் பயங்களைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் மாமி. பள்ளிக்கூடத்து லிப்ற் பாதியில் நின்றால் என்ன செய்வது என்று நான் கேட்டால், மற்றவர்கள் நிற்காது என்பார்கள். மாமி அடுப்படியில் குந்தியிருந்து யோசிப்பார். உள்ளுக்கு எத்தனை பேர், தண்ணிப் போத்தல் இருக்கா என்று விசாரிப்பார். பிறகு தன்னுடைய பயம் ஒன்றையும் பதிலுக்குத் தருவார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் இருந்ததும் அவர்தான். கடை வாசலில் பொறுக்கின கற்களை மேலே எறிந்து பிடித்துக் கொக்கான் வெட்டப் பழக்கியதும் அவர்தான். அவர் போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

ஞாயிறு காலை நாங்கள் வெளிக்கிட்ட விதத்தைச் சொல்லவேண்டும். கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மாமா சொன்ன ஒரு சொல்லை அம்மா அப்படியே பிடித்துக்கொண்டார். ஆகவே றிச்மண்ட் ஹில் கோயில் தேர்த் திருவிழாவுக்குக் கட்டுகிற சீலை வெளியே வந்தது. மாமி கலியாணத்துக்கு மறுநாள் கட்டின மாம்பழ நிறப் பட்டைக் கட்டினார். எனக்குப் பாவாடை சட்டை, தலைநிறைய எண்ணெய். மாமா கோட் போட்டு, நடந்தால் கிறீச்சிடும் புதுச் சப்பாத்தும் போட்டார். கூப்பிட்ட வீட்டுக்கு வெறுங்கையோடு போவது எங்கள் வழக்கத்தில் இல்லை. அம்மா முதல்நாளே பயத்தம் பணியாரம் சுட்டு, பெரிய ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றில் அடுக்கி வைத்திருந்தார். வனிலா என்று வெளியே எழுதியிருந்த பெட்டி.

மாமாவின் வான் வண்டியில் வார்டன் றோட்டால் நேரே வடக்கே போய், கிராமத்துத் தெருவில் இறங்கிப் பார்த்தால் மற்றவர்கள் எல்லோரும் அரைக் காற்சட்டையும் தொப்பியுமாக நிற்கிறார்கள். மூக்கில் வெயிலுக்குப் பூசின வெள்ளைக் களிம்பு. ஒரு நிமிடம் நாங்கள் எங்களைப் பார்த்தோம். அவர்களும் எங்களைப் பார்த்தார்கள். மாமா கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

தெருமுனையில் மேசை போட்டிருந்தவர்கள் கையில் கடதாசி வளையம் கட்டிவிட்டு, வீடுகள் குறித்த படம் ஒன்றையும் தந்தார்கள். அம்மா பதிலுக்குப் பெட்டியைத் திறந்து நீட்டினார். மேசைக்காரப் பெண் அதுவும் நடைமுறையில் சேர்ந்தது என்று நினைத்திருக்க வேண்டும். ஒன்றை எடுத்துக் கடித்தார். கண்ணை மூடினார். பிறகு பக்கத்தில் நின்றவர்களைக் கூப்பிட்டார். அந்த மேசையில் வரிசை கொஞ்ச நேரம் நகரவில்லை.

படத்தை வாசிக்கும் வேலை எனக்கு. பிற்காலத்தில் பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பைத்தான் விடவில்லை. ஆனால் அன்று அந்தக் கூட்டத்தில் இங்கிலீஷ் படித்த பெரிய மனிசி நான்தான். ஒவ்வொரு கேற்றிலும் ஒரு பலகை இருந்தது. நான் ஒவ்வொன்றையும் நின்று வாசித்து, மொழிபெயர்த்து, எல்லோருக்கும் விளங்கியதா என்று பார்த்தேன். செடிகளைத் தொடவேண்டாம்.

முதல் வீட்டில் ஒரு தாத்தா ஒவ்வொரு செடிக்கும் நீளமான பெயர் சொன்னார். மாமா எல்லாவற்றுக்கும் யெஸ், யெஸ் என்று தலையாட்டிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, உது எங்கட வேலிக்கரையில சும்மா கிடக்கிற சாமான் என்றார். உங்கள் ஊரில் என்ன வளரும் என்று அந்தத் தாத்தா கேட்டுவிட்டார். மாமா தென்னைமரம் ஏறுவது எப்படி என்று கோட்டோடு நடித்துக் காட்டினார். கைதட்டல்கூடக் கிடைத்தது.

இரண்டாவது வீட்டில் காற்றுக்காகப் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். வீட்டுக்கு வந்தால் வீட்டுக்காரரைப் பார்க்காமல் வளவை மட்டும் பார்த்துவிட்டுப் போவது எந்த ஊர் மரியாதை? நான் பின்னால் ஓடி, கூப்பிட்டது தோட்டத்துக்கு மட்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் அம்மா சாப்பாட்டு மேசையில் இருந்தார். அந்த வீட்டு மனிதர் இரவு உடுப்போடு ரொட்டி தின்றுகொண்டிருந்தவர், என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவுக்கும் ஒரு கோப்பி ஊற்றினார். அம்மா பணியாரத்தை நீட்டினார். மரியாதை இரண்டு பக்கமும் குறைவில்லாமல் நடந்தது. வெட்கத்தில் செத்துப்போனது நான் ஒருத்திதான்.

மாமி மட்டும் எல்லோருக்கும் பின்னால் வந்தார். எல்லாவற்றையும் பார்த்தார். ஆனால் பத்திரிகையில் படம் பார்ப்பது போலத்தான் பார்த்தார். மாமா அடிக்கொரு தரம் திரும்பி அவர் முகத்தைப் பார்ப்பதும், பிறகு சப்பாத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்.

கடைசி வீடு குளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மஞ்சள் நிற மரவீடு. அதன் பின்சுவரோடு ஒரு செடி. செடி என்று சொல்லக்கூடாது, புதர். அதில் இலையைவிடப் பூதான் அதிகம். ஒவ்வொரு பூவும் என் தலையளவு, பந்து பந்தாக, தூய வெள்ளை. தண்டு தாங்காமல் வளைந்து புல்லில் முகம் வைத்துக்கொண்டிருந்தன.

மாமி நின்றுவிட்டார்.

“இஞ்ச பாருங்க,” என்றார். மாமாவை அவர் எங்கள் முன்னால் தானாகக் கூப்பிட்டது அன்றுதான் என்று நினைக்கிறேன். “பால் பொங்கி வழிஞ்ச மாதிரி இரிக்கு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். மாமிக்கு ஒரு பல்லின் மேல் இன்னொரு பல் ஏறியிருக்கும். அது தெரிகிற சிரிப்பை நாங்கள் அதுவரை கலியாண அல்பத்தில் மட்டும்தான் பார்த்திருந்தோம்.

மாமா உடனே புறப்பட்டார். ஒரு கொப்பு கேட்டால் தரமாட்டார்களா, நான் கேட்கிறேன் என்று. மாமி அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தார்.

“கேட்டு வாங்கினா பிடிக்காது.”

இது எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த சங்கதி. கேட்டு வாங்கி நட்ட தடி வேர்விடாது. கொடுத்தவரின் மனம் அதிலே ஒட்டிக்கொண்டிருக்கும். தெரியாமல் முறித்துக்கொண்டு வந்து நட்டால்தான் தளதளவென்று வரும். அம்மா, ஓம் அது சரிதான் என்றார். எல்லாவற்றையும் பகிடி பண்ணுகிற மாமாகூட இதைப் பகிடி பண்ணவில்லை. மூன்று பேரும் ஒரேநேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். பிறகு வேலியைப் பார்த்தார்கள். பிறகு, ஓலைத்தொப்பி போட்டுக்கொண்டு புதருக்குக் கொஞ்சம் தள்ளிக் கதிரையில் இருந்த வீட்டுக்காரப் பெண்மணியைப் பார்த்தார்கள். பெரியவர்கள் இப்படிச் சேர்ந்து பார்ப்பது எதற்கு என்று ஒன்பது வயதுக்கு விளங்கும்.

நான் கேற்றில் இருந்த பலகையைத் திரும்பிப் பார்த்தேன்.

அதே மாதம்தான் எங்கள் வகுப்புக்குப் பொலிஸ்காரர் ஒருவர் வந்து, சின்னக் களவும் களவுதான் என்று சொல்லி எல்லோருக்கும் ஸ்ரிக்கர் தந்துவிட்டுப் போயிருந்தார். மாமிக்கு இந்த நாட்டில் இருக்கிற அனுமதி இன்னும் முற்றாக்கப்படவில்லை என்று வீட்டில் அடிக்கடி கதைப்பார்கள். ஆகவே எனக்குக் கணக்கு நேராக ஓடியது. கொப்பை முறித்தால் வீட்டுக்காரி பொலிசைக் கூப்பிடுவார், பொலிஸ் மாமியைத் திருப்பி அனுப்பிவிடும். முறிக்காமல் கேட்டு வாங்கினால் கொப்பு பிடிக்காது, பிடிக்காவிட்டால் மாமி தானே போய்விடுவார். எந்தப் பக்கத்தால் சுற்றி வந்தாலும் மாமி விமானத்தில்தான் இருந்தார்.

மாமா அம்மாவைப் படம் எடுப்பதாகச் சொல்லிப் புதருக்கு முன்னால் நிறுத்தத் தொடங்கியிருந்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. நான் நேரே அந்தத் தொப்பிக்காரப் பெண்மணியிடம் போனேன்.

ஒரு ஆள் உங்கள் செடியில் சின்னதாக ஒரு கொப்பு எடுத்தால் நீங்கள் பொலிசைக் கூப்பிடுவீர்களா என்று கேட்டேன்.

அவர் தொப்பியை மேலே தள்ளி என்னைப் பார்த்தார். எவ்வளவு சின்னது என்று கேட்டார். நான் விரலில் அளந்து காட்டினேன். அதற்கு எதற்குப் பொலிஸ், வேண்டுமென்றால் நானே வெட்டித் தருகிறேனே என்று எழும்பப் போனார். நான் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துவிட்டேன். தரக்கூடாது, தந்தால் பிடிக்காது என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாகிவிட்டது. செத்துப்போன மிளகாய்க் கன்று, அணில், ஒரு வருடத் தவணை, லிப்ற் நின்றால் யோசிக்கிற ஒரே ஆள் மாமி என்பது, எல்லாம். என் இங்கிலீஷ் அன்று எப்படி ஓடியது என்று எனக்கே தெரியாது.

அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு இடுப்பில் முன்பக்கம் கட்டியிருந்த பையிலிருந்து செடி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்தார். மெதுவாக நடந்துபோய், வெள்ளைப் புதருக்குப் பக்கத்தில், ஆட்கள் இளைப்பாறுகிற நீள வாங்கில் அதை வைத்தார். குடிக்க ஏதாவது கொண்டுவருகிறேன், நேரம் எடுக்கும் என்று எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகச் சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் போனார்.

கத்தரிக்கோலை மறந்துவிட்டுப் போகிறாரே என்று எனக்குப் பெரிய கவலை. கூரான சாமான், சின்னப்பிள்ளைகள் நடமாடுகிற இடம். நான் ஓடிப்போய் அதை எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்த மாதிரி முனையை நிலத்தைப் பார்க்கப் பிடித்தபடி, அவர் பின்னால் ஓடி, மறந்துவிட்டீர்கள் என்று கொடுத்தேன். வாங்குப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்த மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

வீட்டுக்காரி கத்தரிக்கோலை வாங்கி, நன்றி சொல்லி, எனக்கு வயதாகிவிட்டது, மறதி என்றார். திரும்பி நடந்துபோய் முன்பு வைத்த அதே இடத்தில் அதை வைத்தார். நான் மீண்டும் வாயைத் திறக்குமுன் என் தோளில் கைவைத்து, தட்டு தூக்க ஒரு ஆள் வேண்டும், வா என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

அவருடைய குசினி ஜன்னல் புதரைப் பார்த்தபடி இருந்தது. அவர் திரைச்சீலையை இழுத்து மூடினார். பிறகு லெமனேட் கிளாசுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் துடைத்தார். சுத்தமாக இருந்த கிளாசுகள்தான். ஐஸ் போடும் வேலையை என்னிடம் தந்து, எல்லாவற்றிலும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்றார். அப்படிப்பட்ட வேலையை என்னிடம் தந்தால் நான் மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுவேன். வெளியே மாமாவின் குரல் மட்டும் கேட்டது.

“அக்கா, இன்னும் கொஞ்சம் அங்கால. சீலைய விரிச்சுப் புடிங்க, பூ தெரியக்கூடாது.”

பூந்தோட்டத்தில் பூத் தெரியாமல் படம் எடுக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டே ஐஸ் போட்டேன்.

நாங்கள் தட்டோடு வெளியே வந்தபோது மூன்று பேரும் புதரைவிட்டு எவ்வளவு தூரம் போகமுடியுமோ அவ்வளவு தூரம் போய், வேலியோடு வரிசையாக நின்றார்கள். மாமியின் முகம் சிவந்திருந்தது. கைப்பையின் சிப் பாதியில் நிற்க, அதற்குள்ளிருந்து ஒரு இலை எட்டிப் பார்த்தது. எனக்கு உயிர் போய்விட்டது. வீட்டுக்காரி அந்தப் பைக்கு நேரெதிரே நின்று கிளாசைக் கொடுத்து, இன்றைக்கு மழை வராது என்றார். நல்லகாலம், வயதானவர், கண்ணும் தெரியவில்லை என்று நான் ஆறுதல்பட்டேன்.

அம்மா மிச்சப் பணியாரத்தைப் பெட்டியோடு அவரிடமே கொடுத்துவிட்டார். களவெடுத்த வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செய்யவேண்டும் என்று மனதுக்குள் பட்டிருக்கும். அவர் பணியாரத்தை ஒரு கோப்பையில் கொட்டிவிட்டு, பெட்டியைக் கழுவித் தருகிறேன் என்று உள்ளே எடுத்துப்போய், மூடிக் கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்று சொன்னாலும் விடவில்லை.

வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும் அம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுழித்தார். உள்ளே ஈரக் கடதாசி, தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு கட்டு.

“பெரிய வீடு, நல்ல மனிசி. ஆனா பெட்டிய ஒழுங்காத் துடைக்கத் தெரியல்ல கா.”

“அதுவும் நல்லதுக்குத்தான் மச்சாள்,” என்று மாமி கொப்பை வெளியே எடுத்து, அந்த ஈரக் கடதாசியால் சுற்றிப் பெட்டிக்குள் கிடத்தினார். அளவாக இருந்தது.

அதற்குப் பிறகு வானுக்குள் நடந்தது திருவிழா. மாமி கத்தரிக்கோலைத் தூக்கிய அவசரத்தில் முதலில் தன் முந்தானை நூலைத்தான் வெட்டினாராம். அம்மா சீலையை விரித்துக்கொண்டு நின்றபோது ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் அம்மாவோடு சேர்ந்து நின்று படம் எடுக்கக் கேட்டதாம். மாமா அவர்களையும் வரிசையில் நிறுத்தி மறைப்பைப் பெரிதாக்கினாராம். என் கத்தரிக்கோல் ஓட்டத்தை மாமா ஸ்ரியறிங்கை விட்டுவிட்டுக் கையால் நடித்துக் காட்டினார். மாமி சிரித்துச் சிரித்து இருமல் வந்து, அம்மா முதுகில் தட்டவேண்டியதாயிற்று. வார்டன் றோட்டில் ஒரு பொலிஸ் கார் எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நான் சீற்றிலிருந்து வழுகிக் கீழே போய்ப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பச்சை விழுந்ததும் அது ஒரு கோப்பிக் கடைக்குள் திரும்பியது. அதற்கும் சிரித்தார்கள். அந்தளவு சந்தோசமாக ஒரு களவெடுத்த கூட்டம் அந்த றோட்டால் போயிருக்காது.

கொப்பைப் பின்வளவில் வேலியோரம் நட்டு, ஊறுகாய்ப் போத்தல் ஒன்றைக் கவிழ்த்து மூடினார் மாமி. ஆவணியில் இரண்டு இலை வந்தது. மாமி அந்த வாரமே ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தார். இலையுதிர்காலத்தில் தன் பழைய கம்பளிச் சட்டையைக் கொண்டுபோய் அதைச் சுற்றிக் கட்டினார்.

பனி வந்தது. எல்லோரும் செடியை மறந்தார்கள். நான் மறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஜன்னலால் அந்தக் கம்பளிச் சட்டையைப் பார்ப்பேன். பங்குனி போய், சித்திரை போய், மே மாதமும் பிறந்து, பக்கத்து வீட்டுச் செடிகள் எல்லாம் தளிர்த்துவிட்டன. எங்களுடையது மட்டும் பென்சில் மாதிரி நின்றது. ஒருநாள் ஒருவரும் பார்க்காத நேரம் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளேயும் பழுப்பு.

லொறியிலிருந்து வந்து இறங்கிய மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து குந்தியிருந்து பார்த்தார். தானும் ஒருதரம் சுரண்டினார். பிறகு அவர் முகம் எனக்குப் பழக்கமில்லாத முகமாக இருந்தது.

“செத்துப்போச்சா மாமா?”

“சீ, நித்திரை கொள்ளுது மகள். மாமியிட்ட ஒண்டும் சொல்லாத, என்ன. எழுப்பக் கூடாது.”

நான் சொல்லவில்லை. மூன்று நாலு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால் செடி எழும்பிவிட்டது. எழும்பினது மட்டுமல்ல, கைநிறைய இலை, தடித்த, மினுங்குகிற இலை, இரண்டு மூன்று மொட்டு. போன வருடம் இலை இப்படி இருக்கவில்லையே என்று மாமாவிடம் கேட்டேன். நல்லா நித்திரை கொண்டு எழும்பினால் உன் முகமும் கொஞ்சம் ஊதித்தானே இருக்கும் என்றார். சரியென்றுபட்டது. ஒரு பெரிய கவலை என்னை விட்டுப் போனது. மாமி பேக்கரியால் வந்து, அம்மா கூப்பிட்டுக் காட்ட, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தண்ணீர் ஊற்றினார்.

ஆனியில் பூத்தது. பந்து பந்தாக, ஊரெல்லாம் பார்க்கத்தக்கதாக, நல்ல றோஸ் நிறத்தில்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் நாலு பேரும் அதற்கு முன்னால் நின்றோம். முதலில் வாயைத் திறந்தது அம்மா. வெள்ளை அல்லவா முறித்தோம் என்றார். மாமா பின்கழுத்தைச் சொறிந்தார்.

“அது அக்கா, மண்ணால வாறது. கனடா மண் நிறத்த மாத்திப்போடும். எங்களப் பாருங்க, வந்த நேரம் என்ன நிறம், இப்ப என்ன நிறம்.”

அம்மா சிரித்துவிட்டு உள்ளே போனார். எனக்கும் அது போதுமாக இருந்தது. மாமி மட்டும் குனிந்தார். பூவைப் பார்த்தார். இலையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு அடியைப் பார்த்தார். அங்கே மண் கொஞ்சம் தாழ்ந்து, கறுப்பு நிறத்தில் பிளாஸ்ரிக் சட்டி ஒன்றின் விளிம்பு, வட்டமாக, பாதி வெளியே தெரிந்தது. கடையில் கன்று விற்கிற சட்டி. நானும் அதைப் பார்த்தேன். வேலியோரத்தில் கிடக்கிற எத்தனையோ பழைய சாமான்களில் அதுவும் ஒன்று என்று நினைத்தேன். மாமாவும் அதைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. திடீரென்று வேலியில் ஆணி ஒன்று கழன்றிருக்கிறதா என்று பரிசோதிக்கப் போய்விட்டார்.

மாமி அவருடைய முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஏறின பல்லுத் தெரிந்தது.

“பூத்திட்டு,” என்றார், அவருக்குக் கேட்கத்தக்கதாக. “மறுகா என்ன, இருக்கத்தானே வேணும்.”

மாமா திரும்பவில்லை. ஆனால் அவருடைய காது சிவந்தது. மாமி செருப்புக் காலால் மெதுவாக மண்ணைத் தள்ளித் தள்ளி அந்தக் கறுப்பு விளிம்பை மூடினார். வேருக்கு வெயில் படாமல் மூடுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். ஓடிப்போய் இரண்டு கைநிறைய மண் அள்ளிவந்து மற்றப் பக்கத்தை நான் மூடிவிட்டேன்.